நகத்தளவு பீங்கான்

2023ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில், மும்பைச் சாலைகளில் ஓடிக்கொண்டிருந்த பிரீமியர் பத்மினி டாக்ஸிகளில் கடைசி வண்டியும் வயது வரம்பை எட்டி ஓய்வு பெற்றது என்ற செய்தியைப் பத்திரிகையில் படித்தோம். படித்ததும் நம் கண்முன் வந்து நின்றது மும்பை மாநகரமன்று. புனே நகரின் வடபகுதியில், விஷ்ராந்த்வாடியில், நம் வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் நின்றிருந்த நம்முடைய பழைய பத்மினிதான்.

அந்த வண்டி நம்மை விட்டுப் போய் வெகு காலமாகிறது. அதன் ஞாபகமாக நம்மிடம் இருப்பது ஒரே ஒரு பொருள்; நகத்தளவுள்ள வெள்ளைப் பீங்கான் துண்டு. நம் தாயாரின் பழைய குங்குமச் சிமிழில் அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறோம். உடைந்த பீங்கானைச் சிமிழில் வைத்துக் காப்பாற்றும் பைத்தியக்காரரும் உண்டோ என்று அன்பர்கள் நகைக்கலாம். அதன் வரலாற்றைக் கேட்ட பின் நகைப்பதானால் நமக்கு ஆட்சேபணை இல்லை.

அது 1997ஆம் ஆண்டு மழைக்காலம். விஷ்ராந்த்வாடிக்கு நாம் குடிவந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு பக்கம் கட்கியில் 1869இல் தொடங்கப்பெற்ற வெடிமருந்துத் தொழிற்சாலையும், பம்பாய் சாப்பர்கள் என்று வழங்கும் பொறியியல் படையினரின் கேந்திரமும். இன்னொரு பக்கம் திகியில் இராணுவப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம். கிழக்கே லோஹகாவ் விமானத்தளம். இவற்றில் ஏதோ ஒன்றன் சம்பளத்தை நம்பி, தஞ்சையிலிருந்தும் மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் புறப்பட்டு வந்தவர்கள்தாம் நம்மைப் போன்ற குடும்பத்தினர் பலரும். நமக்கு வாய்த்தது இராணுவக் கணக்கு அலுவலகத்தில் ஓர் ஆசனம். காலையிலிருந்து மாலை வரை பிறர் எழுதிய தொகையைச் சரிபார்ப்பது நம் ஜீவனம். ஒரு பைசா விட்டுப் போனாலும் பேரேட்டை மூடவிடமாட்டோம். இதைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு, பின்னால் விளங்கும்.

'விஷ்ராந்தி' என்றால் இளைப்பாறுதல். ஊரின் பெயரில் இளைப்பாறுதல் இருந்ததேயொழிய, விடுமுறை நாட்களில் நமக்கு அது கிடையாது. காரணம், மேற்படி பத்மினி. அது இத்தாலி நாட்டு பியட் 1100 வண்டியின் வழித்தோன்றல். பம்பாய் குர்லாவில் உற்பத்தியாகி, 1974 முதல் பத்மினி என்ற பெயரைத் தாங்கியது. நான்கு சிலிண்டர், 1089 சி.சி. எஞ்சின், ஸ்டியரிங் தண்டிலேயே கியர். பணி ஓய்வு பெற்று ஊர் திரும்பிய நண்பரொருவரிடமிருந்து, சேமநிதியில் கடன் எழுதி, அதை வாங்கியிருந்தோம். வாங்கப் பணம் இருந்தது. பராமரிக்கப் பணம் இல்லை. ஆகவே, தன் கையே தனக்குதவி என்ற பழமொழியைத் துணையாகக் கொண்டு, ஒரு தகரப் பெட்டி நிறைய ஸ்பானர்களைச் சேகரித்தோம். சிக்கனத்திற்காகத் தொடங்கிய வேலை நாளடைவில் கர்வமாக முதிர்ந்தது. "வண்டியை நான் வெளியே விடுவதில்லை, எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று அலுவலகத்தில் சொல்லும்போது நம் குரலே சற்று மாறிவிடும்.

இந்தத் திருப்பணியில் நமக்கு உதவியாளன் பத்து வயது நிரம்பிய நம் குமாரன். டார்ச் விளக்கைப் பிடிப்பது அவன் உத்தியோகம். பார்வைக்கு எளிய வேலை. ஆனால் பிடிக்கச் சொன்னவரின் கண் எங்கே போகிறதோ அங்கே வெளிச்சம் போகவேண்டும், கை வலித்தாலும் ஆடக்கூடாது, ஆடினால் வசவு. அதற்கு முந்திய மாதம், கார்புரேட்டரின் சிறிய திருகாணி ஒன்று அவன் கையிலிருந்து நழுவிச் சாக்கடையில் விழுந்துவிட்டது. "அப்பா, விழுந்துவிட்டது" என்று அவன் உடனே சொன்னான். பதிலுக்கு நாம் அரைமணி நேரம் பிரசங்கம் செய்தோம். கவனக்குறைவு, பொறுப்பின்மை, கடன் வாங்கி வாங்கிய வண்டி, நாம் பத்து வயதில் செய்த வேலைகள் என்று பல தலைப்புகளில் அந்தப் பிரசங்கம் விரிந்தது. உண்மையை உடனே சொன்னதற்கு அந்தக் குழந்தைக்குக் கிடைத்த பரிசு அதுதான்.

நிற்க. அந்த ஆண்டு நம் தாயார் ஊரிலிருந்து வந்து நம்முடன் தங்கியிருந்தார். வயது எழுபத்து நான்கு. ஆளந்தியிலிருந்து ஞானேசுவர மகாராஜின் பாதுகைகளைத் தாங்கிப் புறப்படும் பல்லக்கு, திகி வழியாக விஷ்ராந்த்வாடியைக் கடந்துதான் புனே நகருக்குள் வருகிறது. அங்கிருந்து பண்டரிபுரம் வரை அடியார் கூட்டம் நடந்தே செல்லும். தாளமும் மிருதங்கமும் ஒலிக்க, தலையில் துளசி மாடத்தைச் சுமந்த பெண்களும், மழையில் நனைந்த கிழவர்களுமாக நம் தெரு முனையை அவர்கள் கடந்து போனதை அம்மா கண்ணீர் மல்கப் பார்த்துக்கொண்டு நின்றார். மராத்தியில் அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆயினும் அன்றிரவு, "அந்தப் பாண்டுரங்கனை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், தம்பி" என்றார். ஆஷாட ஏகாதசிக் கூட்டம் ஓய்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நம் பத்மினியிலேயே பண்டரிபுரம் சென்று வருவது என்று தீர்மானமாயிற்று. போக மட்டும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். வயோதிகத் தாயாரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு செல்வதால், முதல் நாளே நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றிவிடுவது உசிதம் என்று நமக்குத் தோன்றியது.

சனிக்கிழமை மாலை வேலை ஆரம்பமாயிற்று. மூன்று பிளக்குகள் தகராறு செய்யாமல் கழன்றன. நான்காவது அசையவில்லை. பிளக் ஸ்பானரைச் சாய்த்துப் பிடித்து நாம் பலத்தைக் காட்டினோம். 'டிக்' என்றொரு சப்தம். பிளக்கின் பீங்கான் கழுத்து ஒடிந்து சில்லுகளாகச் சிதறிற்று. அந்த நேரத்தில் செய்யவேண்டியது என்னவென்றால், பிளக்கைக் கழற்றாமல் அப்படியே விட்டு, அதைச் சுற்றியுள்ள பள்ளத்தில் ஒரு சில்லும் இல்லாதபடி ஊதித் துடைத்துச் சுத்தம் செய்தபின் மேற்கொண்டு திருகுவதாகும். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நாமோ பொழுது சாய்கிறதே என்று பதறினோம். கண்ணில் பட்ட சில்லுகளைப் பொறுக்கிச் செய்தித்தாளில் போட்டுவிட்டு, மிச்சமிருந்த இரும்புப் பாகத்தை முழுமூச்சாகத் திருகினோம். அது திடீரென்று விடுபட்டு வெளியே வந்தது. வந்த வேகத்தில் ஸ்பானர் பையனின் கையை உரசிக்கொண்டு போயிற்று.

"கையில் பட்டதா?" என்று தலை நிமிராமலே கேட்டோம்.

"பட்லா, அப்பா" என்றான்.

'படலை' என்றது நம் காதில் விழுந்தது. "சரி, வெளிச்சத்தை இப்படிக் காட்டு" என்று சொல்லிவிட்டுப் புதிய பிளக்கைப் பொருத்தினோம். நான்கையும் முடுக்கி, கம்பிகளை மாட்டி, பானெட்டை மூடினோம். ஆசனத்தில் அமர்ந்து சாவியைப் போட்டோம்.

இதற்கிடையில் திண்ணையில் நடந்தது நமக்குப் பின்னரே தெரியவந்தது. பையன் பாட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறான். முகம் வெளுத்திருப்பதைப் பார்த்த அம்மா, என்னவென்று விசாரித்திருக்கிறார். அதே சொல்லைத்தான் பாட்டியிடமும் சொன்னான்: "பட்லா, பாட்டி." நாம் அரைகுறையாக மராத்தி அறிந்தவர்கள். நம் தாயாருக்கோ அந்த மொழி அறவே தெரியாது. தெரியாததனால் அவர் கேட்டார்: "பட்லான்னா என்னடா கண்ணா?"

"விழுந்துவிட்டது என்று அர்த்தம்."

"எது விழுந்தது?"

"உடைந்த துண்டு. எஞ்சின் ஓட்டைக்குள்ளே."

முழங்கால் வலியால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் அம்மா அன்று வாசலுக்கு ஓடி வந்தார். "சாவியைத் திருப்பாதே, தம்பி! பிள்ளை ஏதோ உள்ளே விழுந்துவிட்டது என்கிறான்!"

நம் விரல்கள் சாவியின் மேல் இருந்தன. "கேட்டேனே அம்மா, படலை என்றுதானே சொன்னான்?" என்றோம்.

"உன் பாஷையில்தான் அது படலை. அவன் பாஷையில் விழுந்தது" என்றார் அம்மா.

மராத்திப் பள்ளித் தோழர்களோடு நாள் முழுவதும் பழகும் குழந்தைக்கு, பயத்தில் முதலில் நாவில் வந்த சொல் மராத்திச் சொல்லாகவே இருந்தது. தமிழ் வினாவுக்கு மராத்தி விடை வந்தது. அந்த விடை தமிழ்ச் சொல்லைப் போலவே ஒலித்து நம்மை ஏமாற்றிவிட்டது என்று சொல்லலாம். ஆனால் அது முழு உண்மையன்று. தலை நிமிர்ந்து அவன் முகத்தை ஒருமுறை பார்த்திருந்தால் எந்த மொழியும் தேவைப்பட்டிராது. நம் வழக்கப்படி அவனைக் கடிந்துகொள்ள வாய் திறந்தோம். அம்மாவின் கை பேரனின் தலைமேல் இருப்பதைக் கண்டு மூடிக்கொண்டோம்.

சாவியைத் திருப்பியிருந்தால் என்னவாகியிருக்கும்? பிளக்கில் உள்ள பீங்கான் நாம் காப்பி அருந்தும் கோப்பையின் பீங்கான் அன்று. அலுமினா என்னும் பொருளைச் சுட்டு உருவாக்கும் அது இரும்பையும் கீறக்கூடியது. தாதுக்களின் கடினத்தைப் பத்துப் படிகளாக வகுத்தால், பத்தாவது படியில் வைரம். ஒன்பதாவது படியில் இதே அலுமினாவால் ஆன குருந்தக்கல். அப்படிப்பட்ட சில்லு சிலிண்டருக்குள் கிடக்க, வண்டி சும்மா நின்று உறுமும்போதே நிமிடத்திற்கு எண்ணூறு, ஆயிரம் முறை பிஸ்டன் மேலேறி வந்து அதை மோதும். மேலே அதற்கு ஒதுங்க இடம் மிகச் சிறிது. பிஸ்டனின் தலை குழிபடும். சிலிண்டரின் பளபளப்பான சுவரில் கீறல் விழும். வால்வு மூடும் இடத்தில் சிக்கினால் வால்வே வளைந்துபோகும். எஞ்சின் அங்கேயே நின்றுபோனால் அதுவும் நல்லகாலந்தான். நிற்காமல் ஓடி, சோலாப்பூர் சாலையில் ஆளரவமற்ற இடத்தில் படுத்திருந்தால், வயோதிகத் தாயாருடன் நாம் என்ன செய்திருப்போம்?

மறுபடியும் பிளக்கைக் கழற்றினோம், இம்முறை நிதானமாக. நமக்குத் தோன்றிய முதல் யுக்தி காந்தம். உடைந்த ரேடியோப் பெட்டியைக் குடைந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கொண்டுவந்தோம். பிளக் துவாரத்தின் அகலமோ 14 மில்லிமீட்டர். காந்தமோ அப்பளம் போலிருந்தது. பிறகு குழந்தைகளின் விளையாட்டுச் சாமானிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்து நூலில் கட்டி இறக்கி, கிணற்றில் பாதாளக் கரண்டி போடுவதுபோலத் துழாவிக்கொண்டிருந்தோம். காப்பி கொண்டுவந்த நம் இல்லத்தரசி சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பீங்கான் தட்டு காந்தத்தில் ஒட்டி நான் பார்த்ததில்லையே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவமானம் தாங்காமல், நான்கு வீடு தள்ளிக் குடியிருந்த சார்ஜண்டுக்குச் சொல்லியனுப்பினோம். திண்டுக்கல் பக்கத்துக்காரர், தாம்பரத்தில் பயிற்சி பெற்று, விமானப்படையில் இருபது ஆண்டுகள் எஞ்சின் பழுது பார்த்து, கடைசியில் லோஹகாவிலிருந்து ஓய்வு பெற்று இங்கேயே வீடு கட்டிக்கொண்டவர். அவர் வந்தார். வந்தவர் எஞ்சினைப் பார்க்கவில்லை. "உடைந்த துண்டுகள் எங்கே, சார்?" என்றார்.

செய்தித்தாளைக் காட்டினோம். அவர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, புதிய பிளக் ஒன்றைப் பக்கத்தில் மாதிரியாக வைத்துக்கொண்டு, சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினார். அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளைச் சேர்ப்பதுபோல அந்தப் பீங்கான் கழுத்து மெல்ல மெல்ல உருவம் பெற்றது. முடிவில் இரண்டு இடங்கள் காலியாக இருந்தன.

"இரண்டு துண்டு குறைகிறது. உள்ளே போனது ஒன்றா, இரண்டா? இது தெரியாமல் தேடினால் ஒன்றை எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்போம், அல்லது இல்லாததை இரவு முழுதும் தேடுவோம்" என்றார்.

நாள் முழுவதும் கணக்குச் சரிபார்த்துப் பிழைக்கும் நமக்கு எண்ணிப் பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை. அலுவலகத்துப் பைசாவுக்குக் காட்டிய சிரத்தையை வீட்டில் காட்டவில்லை.

சார்ஜண்ட் பையனை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "நீதானே விளக்குப் பிடித்தாய்? அப்படியானால் எங்கள் எல்லோரையும்விட நீதான் நன்றாகப் பார்த்திருப்பாய். யார் செய்தது என்று நான் கேட்கவில்லை. எது எங்கே போயிற்று என்றுதான் கேட்கிறேன். எந்த பாஷையில் வேண்டுமானாலும் சொல்லு" என்றார்.

பையன் நம் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையை நாம் இன்றுவரை மறக்கவில்லை. சொல்லலாமா என்று தகப்பனிடம் அனுமதி கேட்ட பார்வை அது. "சொல்லப்பா" என்றோம். மராத்தி பாதி, தமிழ் பாதியாக அவன் சொன்னான். பிளக் வெளியே வந்தபோது பள்ளத்தின் ஓரத்திலிருந்த துண்டு ஒன்று துவாரத்திற்குள் விழுந்தது. இன்னொன்று சக்கரத்தின் பக்கம் தரையில் விழுந்தது. தரையில் விழுந்ததை அவன் எடுத்து வைத்திருந்தான். உள்ளே ஓடிப்போய்ப் பள்ளிக்கூடத்துக் காம்பஸ் பெட்டியைக் கொண்டுவந்தான். கோணமானிக்கும் ரப்பருக்கும் நடுவே அது இருந்தது. சார்ஜண்ட் அதைப் பொருத்தினார். ஓரிடம் நிறைந்தது.

"இதை ஏன் வைத்திருந்தாய்?" என்று நாம் கேட்டோம்.

"அப்பாவிடம் காட்டலாம் என்று. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை."

சார்ஜண்ட் தலையைக் குனிந்துகொண்டு பீங்கானைத் துடைப்பதில் கவனமாக இருந்தார்.

பிறகு நடந்த வேலை எளிது, முறைதான் முக்கியம். முதலில் பாட்டரிக் கம்பியைக் கழற்றினார். எஞ்சினை எவ்விதத்திலும் சுழற்றக் கூடாது என்றார். பெட்ரோல் ஆவி இருந்தால் வெளியேறட்டும் என்று நான்கு துவாரங்களையும் திறந்து வைத்து ஒருமணி நேரத்திற்கு மேல் காத்திருக்கச் செய்தார். தெருக்கோடியில் எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தின் மேஸ்திரியிடம், மட்டம் பார்க்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் இரவலாகக் கிடைத்தது. தூசி உறிஞ்சும் வாக்குவம் கிளீனரை அடுத்த வீட்டு வஹினி கொடுத்து உதவினார். யந்திரத்தின் மோட்டாரில் பறக்கும் பொறி ஆவியைத் தீண்டாதிருக்க, அதை வண்டியிலிருந்து குழாய் நீளும் தூரம் வரை தள்ளித் திண்ணையில் வைத்தார். குழாயும் யந்திரமும் சேரும் இடத்தில், பழைய வேஷ்டித் துணியில் ஒரு துண்டை வைத்துக் கட்டினார். "உறிஞ்சியது எங்கே போயிற்று என்று பிறகு தேடக் கூடாது பாருங்கள், வந்ததைக் கண்ணால் காணவேண்டும்" என்றார்.

குழாயின் நுனி துவாரத்திற்குள் இறங்கியது. விளக்குப் பிடித்தவன் நம் குமாரனே. சார்ஜண்ட் அப்படித்தான் வேண்டுமென்றார். யந்திரம் ஓடியது. தெருவில் பாதிப்பேர் கூடிவிட்டனர். நிறுத்தித் துணியை அவிழ்த்தால் கரித்தூள் மட்டும் இருந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை குழாயைச் சுவரோரமாக வளைத்துச் சுற்றிக்கொண்டு வந்தபோது, கண்ணாடி போன்ற அந்தக் குழாய்க்குள் வெள்ளையாக ஏதோ விர்ரென்று ஓடியது. "ஆலா! வந்துவிட்டது!" என்று பையன் இரண்டு மொழியிலும் கூவினான். துணியிலிருந்து எடுத்துப் பொருத்தினார். கடைசி இடமும் நிறைந்தது. கழுத்து முழுமையாயிற்று.

அதன் பிறகும் சார்ஜண்ட் அவசரப்படவில்லை. பிளக்குகளைப் போடாமலே, வண்டியை மேல் கியரில் நிறுத்தி, ஹாண்ட் பிரேக்கைத் தளர்த்தி, நான்கு பேர் மெல்லத் தள்ளினோம். சக்கரம் உருள, எஞ்சினும் மெதுவாகச் சுழன்றது. அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். உரசும் ஒலி ஏதும் இல்லை. பிறகே பிளக்குகளை மாட்டி, பாட்டரிக் கம்பியை இணைத்து, சாவியைத் திருப்பச் சொன்னார். வண்டி வழக்கம்போல் கனைத்துக்கொண்டு கிளம்பிற்று.

அன்றிரவு நம் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டே அவர் தம் கதையைச் சொன்னார். விமானக் கொட்டகையில் ஆயுதங்களை மாட்டும் பலகையில், ஒவ்வொரு ஸ்பானரின் உருவமும் வரையப்பட்டிருக்கும். வேலை முடிந்ததும் ஓர் உருவம் காலியாகத் தெரிந்தால் விமானம் எழும்பாது. அவர் பணியில் சேர்ந்த புதிதில், ஓர் இரவு, கையிலிருந்த சிறிய வாஷர் ஒன்று விமானிகள் அமரும் இடத்தில் எங்கோ நழுவி மறைந்தது. யாரும் பார்க்கவில்லை. சொன்னால் தண்டனை என்று நினைத்து நடுங்கிக்கொண்டே மேலதிகாரியிடம் போய்ச் சொன்னாராம். அதிகாரி ஒரு வார்த்தையும் கடியாமல் தளத்தைப் பிரித்துத் தேட உத்தரவிட்டார். விடியும் நேரத்தில் வாஷர் கிடைத்தது. அதிகாரி அவருக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். "நீ இன்று சொன்னதால் நாளை இன்னொருவனும் சொல்வான்" என்றாராம்.

"பொருள் கை நழுவுவது குற்றமில்லை, சார். கை என்று இருந்தால் நழுவும். நழுவியதைச் சொல்ல ஒருவன் பயப்படும்படி இருந்தால், அதுதான் குற்றம், அந்தக் குற்றம் அவனுடையதில்லை" என்று முடித்தார். நாம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பின்னாளில் இவ்விஷயம் பற்றித் தேடிப் படித்தோம். அமெரிக்காவில் ஆர்கன்ஸா மாநிலத்து டமாஸ்கஸ் என்ற ஊரருகே, 1980 செப்டம்பர் 18 அன்று, பூமிக்கடியில் நிறுத்தப்பட்டிருந்த டைட்டன்-2 ஏவுகணையில் வேலை செய்தவரின் ஸ்பானரிலிருந்து, ஏறக்குறைய நான்கு கிலோ எடையுள்ள தலைப்பாகம் கழன்று விழுந்தது. இருபது மீட்டருக்கும் கீழே சென்று எரிபொருள் தொட்டியைத் துளைத்தது. மறுநாள் விடியுமுன் ஏவுகணை வெடித்தது; ஒருவர் மாண்டார், இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அதன் முனையிலிருந்த அணுகுண்டு வெடிக்காதது உலகத்தின் நல்லூழ். பாரிஸ் விமான நிலையத்தில் 2000 ஜூலை 25 அன்று, முன்னால் சென்ற ஒரு விமானத்திலிருந்து சிறிய உலோகப் பட்டை ஒன்று ஓடுபாதையில் விழுந்து கிடந்தது. பின்னால் வந்த கான்கார்டு விமானத்தின் டயரை அது கிழித்தது. டயர்த் துண்டு பறந்து எரிபொருள் தொட்டிப் பக்கம் மோத, விமானம் தீப்பற்றி விழுந்தது; 113 பேர் உயிரிழந்தனர். அறுவை சிகிச்சை அறைகளில், தைத்து மூடுமுன் பஞ்சையும் துணியையும் கருவிகளையும் எண்ணிச் சரிபார்ப்பதும் இக்காரணம் பற்றியே. பெரிய யந்திரமானாலும், மனித உடலானாலும், நம் வீட்டுப் பழைய வண்டியானாலும், மூடுவதற்குமுன் எண்ணவேண்டும் என்பது ஒரே விதி.

மறுநாள் காலை பண்டரிபுரம் புறப்பட்டோம். வண்டி வழியில் ஓரிடத்திலும் முரண்டு பிடிக்கவில்லை. செங்கல்லின்மேல், இடுப்பில் கைவைத்து நிற்கும் விட்டலனைத் தரிசித்துவிட்டுச் சந்திரபாகைக் கரையில் அமர்ந்திருந்தபோது, புண்டலீகன் கதையைப் பேரன் பள்ளியில் கற்றபடி பாட்டிக்குச் சொன்னான். தாய் தந்தையருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த பக்தன், வந்த கடவுளிடம் ஒரு செங்கல்லை எறிந்து, அதன்மேல் நின்று காத்திருக்கச் சொன்னான். கடவுளும் அவ்வாறே நின்றார் என்பது கதை. அம்மா நம் பக்கம் திரும்பி, "பார்த்தாயா, சுவாமியே ஒரு பிள்ளைக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார். நீ ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்க்கக் கூடாதா?" என்றார். அவர் குரலில் கோபமில்லை. அதனால் அது ஆழமாகப் பதிந்தது.

அம்மா இப்போது இல்லை. சார்ஜண்ட் முதுமையில் சொந்த ஊருக்கே போய்விட்டார். பையன் பெரியவனாகி, பூனாவிலேயே வேலை பார்க்கிறான். அவனுக்கும் ஒரு மகள் இருக்கிறாள். சென்ற மாதம் அவன் மிக்ஸியைப் பிரித்து வைத்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான்; ஏழு வயதுப் பேத்தி விளக்குப் பிடித்திருந்தாள். ஏதோ உருண்டு சோபாவின் அடியில் ஓடிற்று. குழந்தை திகைத்தாள். அவன் வேலையை நிறுத்தி, நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்து, "எது விழுந்தது? எங்கே போயிற்று?" என்று கேட்டான். 'யார்' என்று கேட்கவில்லை. நாம் அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் அமர்ந்திருந்தோம்.

அன்பர்களே! அயல் மாநிலத்தில் வாழும் நம் வீடுகளில் குழந்தைகள் இரண்டு மூன்று மொழிகளில் சிந்திக்கிறார்கள்; பயந்தால் எந்த மொழி முந்துகிறதோ அதில் பேசுகிறார்கள். அவர்களுக்குத் தமிழைக் கற்பிப்பது நம் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் சொல்வது காதில் விழுந்த மாத்திரத்தில் புரிந்துவிட்டதாக எண்ணுவது பிழை. அரைகுறையாகத் தெரிந்த நாம் கேட்கவில்லை. ஒன்றுமே தெரியாத கிழவி, 'அப்படியென்றால் என்ன?' என்று கேட்டாள், எஞ்சின் பிழைத்தது. அந்தப் பீங்கான் துண்டைச் சிமிழில் வைத்திருப்பதன் காரணம் இதுதான்.